நிறைந்தே திரும்பிய டப்பா

டெக்சாஸின் அந்தச் சிறிய ஊருக்குக் குடிவந்த புதிதில், மாலை ஆனால் நான் முதலில் செய்த வேலை மகளின் சாப்பாட்டுப் பையைக் கையில் வாங்கிக் கனம் பார்ப்பதுதான். பள்ளி வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும். எங்கள் கார் முன்னால் போனதும் டீச்சர் பின்கதவைத் திறந்து குழந்தையை ஏற்றிவிட்டுப் பையை என்னிடம் நீட்டுவார். காலையில் நான் கொடுத்தனுப்பிய அதே கனம் இருக்கும். டப்பாவைத் திறந்து பார்க்கத் தேவையே இருக்காது.

அப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்து நான்கு நடந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்பு நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தோம். பெரிய அபார்ட்மென்ட் வளாகம். தபால் பெட்டியைத் திறக்கப் போனால் அங்கே யாராவது தமிழிலோ தெலுங்கிலோ போனில் பேசிக்கொண்டு நிற்பார்கள். என் கணவரின் கம்பெனி அவரை டெக்சாஸ் கடலோரத்தில் இருந்த ஒரு கெமிக்கல் பிளான்டுக்கு மாற்றியது. கிரீன் கார்டு வேலை பாதியில் நின்றிருந்தது. மாட்டேன் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வீட்டிலிருந்தே செய்துகொள் என்று என் மேனேஜர் சொல்லிவிட்டார். ஆகவே யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாத மாற்றம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டுச் சாமான்களைக் கட்டும்போது மட்டும், குழந்தைக்கு எது நஷ்டம் என்று அவளால் சொல்ல முடியாதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

புதிய ஊரில் ஒரு மெயின் ரோடு, ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி, ஒரு டோனட் கடை, ஒரு மாட்டுத் தீவனக் கடை, வீடுகளைவிட அதிகமோ என்று தோன்றும் அளவுக்கு சர்ச்சுகள். நடந்து போகிறவர்களைப் பார்க்கவே முடியாது. வந்த முதல் வாரம் நான் குழந்தையை ஸ்ட்ரோலர் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடைவரை நடந்தேன். ஒரு பெரியவர் தன் பிக்கப் டிரக்கை ஓரம் கட்டி, கார் நின்றுவிட்டதா, எங்கேயாவது கொண்டு விடட்டுமா என்று கேட்டார். இல்லை, சும்மா நடக்கிறோம் என்றேன். நான் சொன்னதை நம்பாதவர்போல் கொஞ்ச தூரம் மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்ததே எனக்கு இன்னும் கொஞ்சம் கவலையாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் குழந்தை சாப்பிடாமல் இருந்தால், குறை யாரிடம்?

முழுநாள் இடம் இருந்த ஒரே பிரீஸ்கூல் ஒரு சர்ச்சை ஒட்டிய கட்டிடத்தில் இருந்தது. சுத்தமான அறை, சின்னச் சின்ன நாற்காலிகள், ஜன்னலோரம் ஒரு மீன் தொட்டி. டீச்சர் உயரமானவர், ஐம்பதைத் தாண்டியிருப்பார், குழந்தைகளிடம் பேசும்போது முழங்காலிட்டுப் பேசுவார். முதல் நாள் என் மகள் அழவில்லை. அழுவாள் என்று தயாராகிப் போன நான்தான் கிளம்ப மனமில்லாமல் பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் போனுக்கு வந்த அறிக்கையில் தூக்கம் நல்லது, விளையாட்டு நல்லது, மதியச் சாப்பாடு இல்லை என்று இருந்தது. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை.

பழகினால் சரியாகிவிடும் என்றார் டீச்சர். பழகவில்லை. நான் சாப்பாட்டை மாற்றினேன். தயிர் சாதம் பிடிக்கவில்லை என்று எலுமிச்சை சாதம் வைத்தேன். வாசனை மற்றக் குழந்தைகளுக்கு வித்தியாசமாகப் பட்டு, இவள் வெட்கப்படுகிறாளோ என்று நினைத்து பாஸ்தா வைத்தேன். ஆறிப்போயிருக்கும் என்று சூடு தாங்கும் டப்பா வாங்கினேன். மூடி திறக்கக் கஷ்டமோ என்று அதை விட்டுவிட்டு வேறொன்று வாங்கினேன். அது அங்கே திறந்துதான் வைக்கப்படுகிறது, டீச்சரே திறந்து வைக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இரவில் அவள் தூங்கிய பின் போனில் குழந்தைகள் சாப்பிட மறுப்பது பற்றி எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். படித்த ஒவ்வொன்றிலும் என் மகள் இருந்தாள்.

என்னைக் குழப்பியது என்னவென்றால், அவள் பசியோடுதான் வருவாள். காரில் ஏறியதும் முகம் வாடியிருக்கும். நான் பள்ளி பார்க்கிங்கிலேயே ஓர் ஓரமாகக் காரை நிறுத்திப் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதே டப்பாவைத் திறப்பேன். காலையில் வைத்த, மதியம் தொடாத அதே சாதம். பிசைந்து ஒரு வாய் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். இன்னொரு வாய். ஜன்னல் வழியாக மஞ்சள் பஸ்ஸைக் காட்டிக்கொண்டே டப்பாவைக் காலி செய்துவிடுவேன். ஏன்டா மத்தியானம் சாப்பிடல என்று கேட்டால், பசிக்கல என்பாள். பசிக்காத குழந்தை இப்படியா சாப்பிடும்? என்னைப் பார்த்த பிறகுதான் இவளுக்குச் சோறு இறங்குகிறது, அந்த இடத்தில் ஏதோ பயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து ஊர் டாக்டர் எடை பார்த்துவிட்டு, கொஞ்சம் குறைந்திருக்கிறது, பயப்படும்படி இல்லை, ஆனால் மறுபடி கொண்டு வாருங்கள் என்றார். ஆனால் என்ற அந்தச் சொல்லோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

ஒருநாள் மாலை டீச்சர் என்னைக் காரை ஓரம் கட்டச் சொன்னார். மிகவும் தயங்கித் தயங்கிப் பேசினார். உங்கள் நம்பிக்கை பற்றி எனக்கு அதிகம் தெரியாது, தவறாகக் கேட்டால் மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். சாப்பிடும் முன் அங்கே குழந்தைகள் கைகோத்து ஒரு சின்னப் பிரார்த்தனை பாடுவார்கள். எல்லோரும் பாடி முடித்துச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் என் மகள் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, டீச்சரையே பார்த்தபடி, எதற்கோ காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறாளாம். உங்கள் வீட்டில் சாப்பிடும் முன் ஏதாவது ஜெபம் உண்டா, அதைச் சொல்லாமல் சாப்பிடக் கூடாது என்று பழக்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். இருந்தால் சொல்லுங்கள், அதற்கும் நேரம் கொடுக்கிறோம் என்றார்.

எங்கள் வீட்டில் சாப்பிடும் முன் நாங்கள் செய்வது ஐபேடைத் தேடுவதுதான். அதை அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம், ஒன்று உண்டு என்று சொல்லிவிட்டேன்.

இரவு கணவரிடம் சொன்னபோது அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நமக்கே ஒண்ணும் தெரியாதே. நீ என்னத்த சொல்லிக் குடுப்ப?"

"தேடிக் கண்டுபிடிக்கறேங்க. ஒருவேளை அதுக்குத்தான் வெயிட் பண்றாளோ என்னமோ."

"சொல்லித் தராத ஸ்லோகத்துக்கு எப்படிம்மா வெயிட் பண்ணுவா?"

அது நியாயமான கேள்விதான். ஆனாலும் போனில் தேடி, சாப்பிடும் முன் சொல்லும் இரண்டு வரி ஸ்லோகம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எனக்கு மனப்பாடம் ஆவதற்குள் அவளுக்கு ஆகிவிட்டது. அந்த வாரம் பள்ளியிலிருந்து வந்த அறிக்கையில், இன்று உங்கள் மகள் தன் அழகான பிரார்த்தனையைச் சொன்னாள், நாங்கள் எல்லோரும் அமைதியாகக் கேட்டோம் என்று எழுதியிருந்தது. அதன் கீழே வழக்கம்போல, மதியச் சாப்பாடு இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேர்லேண்டில் இருக்கும் இந்துக் கோயிலுக்குப் போனோம். ஊரைவிட்டுக் கிளம்பி ஃப்ரீவேயில் வெகுநேரம் ஓட்ட வேண்டும். தரிசனம் முடிந்து சாப்பிடும் கூடத்துக்கு வந்தோம். புளியோதரை, தயிர் சாதம், ஒரு வடை. காகிதத் தட்டுகளோடு நீண்ட மேசைகளில் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. அம்மாக்கள் ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு மறு கையால் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்மேசைக் குழந்தைகளை வேடிக்கை பார்த்தபடி, நான் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது தட்டு வாங்கி வந்தேன். அதுவும் முடிந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவள் வயிறு நிறைந்து சிரிப்பதைப் பார்த்தேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. அவளுக்கு நம் மனிதர்கள் வேண்டும். தமிழ்க் குரல்கள், இந்த வாசனை, இந்தச் சத்தம். இவ்வளவு தெளிவான விஷயத்தை விட்டுவிட்டு டப்பாவின் மூடியை மாற்றிக்கொண்டிருந்தேனே என்று பட்டது. திரும்பி வரும்போது அவள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். நான் பேச ஆரம்பித்தேன். நானும் அவளும் பிளெய்ன்ஸ்பரோவுக்கே போய்விடுகிறோம், சின்ன அபார்ட்மென்ட் போதும், என் வேலை எங்கிருந்தும் செய்யலாம், கிரீன் கார்டு வந்ததும் நீங்கள் வந்துவிடுங்கள் என்றேன்.

 அவர் ரோட்டைப் பார்த்தபடி ஒன்று மட்டும் கேட்டார்.

"அது எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. யாருக்கும் தெரியாது. வருஷக் கணக்கில் வரிசையில் நிற்பவர்களை எங்களுக்குத் தெரியும். அப்பா வாரக் கடைசியில் விமானத்தில் வந்து போகும் வீடுகளையும் தெரியும். நாங்கள் அப்படி இருக்கப் போவதில்லை என்று கல்யாணமான புதிதில் பேசிக்கொண்டதும் நினைவில் இருந்தது. இருந்தாலும் குழந்தை சாப்பிடவில்லை என்ற ஒன்றுக்கு முன்னால் மற்றது எதுவும் நிற்கவில்லை. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் மாறாவிட்டால் நாங்கள் இருவரும் கிளம்புகிறோம் என்று முடிவானது. முடிவு என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பிளெய்ன்ஸ்பரோ ஆன்ட்டிக்கு போன் செய்தேன். எங்கள் எதிர்க் கட்டிடத்தில் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். என் மகள் ஒரு வயதிலிருந்து பகலெல்லாம் அவரிடம்தான் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு நம்பவே முடியவில்லை.

"நம்ம பாப்பாவா? என்கிட்ட கேட்டுக் கேட்டு வாங்குவாளேம்மா. ஒரு நாள்கூட மீதி வெச்சதில்ல."

டிசம்பரில் ஓர் இடம் காலியாவதாகவும், கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் எங்களுக்காக வைத்திருப்பதாகவும் சொன்னார். ஆனால் தேங்க்ஸ்கிவிங்குக்குள் சொல்லிவிட வேண்டும். போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாலை கணவர் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதைப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வாரம், குழந்தையை நிறுத்துவதாகச் சொல்ல நான் பிரீஸ்கூலுக்குப் போனேன். கார் வரிசையில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் மதிய இடைவேளையில் போனேன். ஆபீசில் இருந்த பெண், இப்போது சாப்பாட்டு நேரம், டீச்சர் வெளியே வர இன்னும் சற்று நேரமாகும், வேண்டுமானால் வகுப்பு வாசலில் நில்லுங்கள் என்றாள். கதவில் ஒரு நீளக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன்.

வட்ட மேசையில் குழந்தைகள். ஒரு பையன் சீஸ் குச்சியை உரித்துக்கொண்டிருந்தான். ஒரு சிவப்பு முடிக்காரப் பெண் சாண்ட்விச்சின் ஓரங்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுவை மட்டும் தின்றுகொண்டிருந்தாள். என் மகளின் டப்பா அவள் முன்னால் திறந்திருந்தது. அன்று பருப்பு சாதம். அவள் தன் ஸ்லோகத்தை முடித்திருக்க வேண்டும். கைகளை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பயமில்லை. அழுகை இல்லை. டீச்சர் மேசையைச் சுற்றி வந்து ஒரு குழந்தைக்கு ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தார். அவர் தன் பக்கம் வந்தபோது என் மகள் தலையை உயர்த்தி வாயைத் திறந்தாள்.

டீச்சர் அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் மறுபடி அந்தப் பக்கம் வந்தார். மறுபடி வாயைத் திறந்தாள்.

நான் கதவைத் தட்டவில்லை. அப்படியே திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். ஒரு சின்ன நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால்கள் மேசைக்கு மேலே வந்தன. அவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை. நான் ஒரு வாய் எடுத்தேன், வாங்கிக்கொண்டாள். டப்பா காலியாகும்வரை ஊட்டினேன். நடுவில் அந்தச் சிவப்பு முடிக்காரப் பெண், தனக்கும் ஒன்று வரும் என்பதுபோல் வாயைத் திறந்து காட்டினாள். நான் திகைத்துப்போய் டீச்சரைப் பார்த்தேன். அவர் கை கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பிறகு வராந்தாவில் நின்று பேசினோம். நான் நிறுத்த வந்ததைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் குழந்தைகளுக்குக் கையால் ஊட்டிவிடுவது வழக்கம், பள்ளிக்கூடம் போகும் வயதுவரைகூட உண்டு, இவள் தானாகச் சாப்பிட்டதே இல்லை என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே அது உண்மை என்று தெரிந்தது. பிஸ்கெட், திராட்சை தவிர அவள் தன் கையால் எடுத்து ஒரு வாய் சோறு தின்று நான் பார்த்ததில்லை. கோயில் கூடம் நினைவுக்கு வந்தது. அங்கே எல்லா அம்மாக்களும் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் அங்கே மட்டும்தான் மற்றக் குழந்தைகளைப்போல் இருந்தாள்.

டீச்சர் கதவுக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் கடவுளுக்காகக் காத்திருப்பதாக நினைத்தேன், எனக்காகவா காத்திருந்தாள் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் உடனே காரியத்துக்கு வந்துவிட்டார். பன்னிரண்டு குழந்தைகளுக்கு நடுவே அவரால் ஊட்ட முடியாது, அதற்கு அனுமதியும் இல்லை. அவள் கற்றுக்கொள்ள வேண்டும், வீட்டில் ஆரம்பியுங்கள் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகளிடம் கேட்டேன். பசிச்சா டீச்சர்கிட்ட சொல்லலாம்ல குட்டி?

"என் டர்ன் வரவே இல்லம்மா."

அன்று மாலையே ஆன்ட்டிக்கு போன் செய்தேன். அங்கே எப்படிச் சாப்பாடு போடுவீர்கள் என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பதுபோல் சொன்னார்.

"எல்லாத்தையும் சுத்தி உக்கார வெச்சு ஒரே கிண்ணத்துல பெசஞ்சு ஆளுக்கு ஒரு வாயா குடுத்துட்டே வருவேன். தனித்தனியா குடுத்தா கார்ப்பெட் பூரா சோறு. யாரும்மா குனிஞ்சு பொறுக்கறது?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய முதுகுவலி எனக்குத் தெரியும். அதுவுமில்லாமல் மாலையில் நான் செய்ததும் அதேதான். எங்கள் வாடகை வீட்டிலும் கார்ப்பெட்தான். ஊட்டிவிட்டால் சீக்கிரம் முடியும், வயிறும் நிறையும், எவ்வளவு உள்ளே போனது என்று எனக்கும் தெரியும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கணவருக்குச் சொன்னபோது அவர் சத்தமாகச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஹாஸ்டல் போற வரைக்கும் எனக்கே எங்கம்மா ஊட்டித்தான் விட்டாங்க. முதல் நாள் மெஸ்ஸுல தட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"சும்மா சொல்லாதீங்க."

"பாதி நிஜம்."

ஆனால் கற்றுக்கொடுப்பது சிரிப்பாக இல்லை. தட்டில் சாதம் வைத்து, நீயே சாப்பிடு என்றால் அவள் தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள். ஸ்பூன் கொடுப்பதா, கையா என்பதிலேயே எனக்கு ஒரு நாள் போனது. ஸ்பூன் என்றால் பள்ளியில் வசதி. கை என்றால் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள். கையே இருக்கட்டும் என்றார் கணவர். பருக்கையை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக மேசையில் அடுக்கினாள். என் வலது கை தானாக அவள் தட்டுக்குப் போகும். நான் எழுந்து துணி துவைக்கும் அறைக்குள் போய், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு நிற்பேன். ஓர் இரவு அவள் பால் மட்டும் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். செய்வது சரியா, கொடுமையா என்று தெரியாமல் அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். காலையில் பொறுக்க மாட்டாமல் இட்லியை ஊட்டிவிட்டேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மூன்றே நாள் இருந்தபோது மதியம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. போனில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பேச வேண்டும் என்றார். உங்கள் மகள் பக்கத்தில் இருக்கும் சிவப்பு முடிக் குழந்தைக்குச் சோறு உருட்டி ஊட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார். அந்தக் குழந்தை வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொள்கிறதாம். ஒவ்வாமை காரணமாக இங்கே குழந்தைகள் உணவைப் பகிரவே கூடாது, இதை நான் அந்தக் குழந்தையின் அம்மாவுக்கும் சொல்லியாக வேண்டும் என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பருப்பில் நெய் இருந்தது, வேறொன்றும் இல்லை, கடலை இல்லை, முந்திரி இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இனி இவளைச் சேர்க்க மாட்டார்களோ என்றுகூட ஓடியது மனம். டீச்சர் நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். ஒரு வாய் அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வாய் அவள் தனக்கே போட்டுக்கொள்கிறாள். அதைச் சொல்லத்தான் முக்கியமாகக் கூப்பிட்டேன்.

 என் கம்ப்யூட்டரில் ஒரு மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

யோசித்தால் அது அப்படித்தான் இருக்க முடியும். அவளுக்குத் தெரிந்த சாப்பாடு என்பது சுற்றி உட்கார்வது, ஒருவர் கொடுப்பது, முறை வருவது. கொடுப்பவர் வராதபோது அவளே அந்த இடத்துக்குப் போய்விட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததில் எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில், வகுப்பு அலமாரியில் இருந்த ஒரு துணி முயலை உட்கார வைத்தார். முயலுக்கு ஒவ்வாமை கிடையாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். முயலுக்கு ஒரு டர்ன், அவளுக்கு ஒரு டர்ன். அன்று மாலை கார் வரிசையில் பையை வாங்கியபோது கை சட்டென்று மேலே போனது. அவ்வளவு லேசாக இருந்தது. டப்பாவில் ஓரமாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் சட்டையில் பருப்பு, தலைமுடியில் ஒரு பருக்கை. அறிக்கையில், மதியச் சாப்பாடு பெரும்பாலும் முடிந்தது என்று எழுதியிருந்தது. முயலின் வாய் மஞ்சளாகிவிட்டதாகவும், துவைத்தும் போகவில்லை என்றும், அது பரவாயில்லை என்றும் சேர்த்து எழுதியிருந்தார். மஞ்சள் கறை எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் வைத்தால் போகும் என்று நான் பதில் எழுதினேன். எழுதிவிட்டு, அதிகப்பிரசங்கித்தனமோ என்று வெகுநேரம் யோசித்தேன்.

ஆன்ட்டிக்கு அன்றே போன் செய்தேன். அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். நிச்சயமாத்தான் சொல்றியா, அப்புறம் கேட்டா இருக்காது என்றார். நிச்சயமா என்று கேட்டால் எனக்கு எதுவுமே நிச்சயமில்லை. ஒரு நாள் சாப்பிட்டதை வைத்து எப்படிச் சொல்வது, அடுத்த வாரம் முயல் அலுத்துவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நிச்சயம்தான் ஆன்ட்டி என்றேன். சமையலறைக்கு வெளியே நின்று கணவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது போனை வைத்த பிறகுதான் தெரிந்தது. அவர் மூன்று தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

அன்று ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும். மகள் வீட்டில் முயல் இல்லையே என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு அப்பாவை வாயைத் திறக்கச் சொன்னாள். அவர் குனிந்து திறந்தார். ஒரு வாய் அவருக்கு, ரசம் முழங்கைவரை வழிய ஒரு வாய் தனக்கு. கார்ப்பெட்டின் மேல் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்திருந்தேன். பாதிக்கு மேல் அதில்தான் விழுந்தது. எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று என்னால் கணக்குப் பார்க்க முடியவில்லை.

என் கைக்கு வேலையில்லை. என் தட்டில் எனக்கும் சாதம் போட்டுக்கொண்டு ரசம் ஊற்றினேன். ஆவி பறந்தது. அவள் பிறந்ததிலிருந்து அவளுக்குக் கொடுத்து முடித்த பிறகு, ஆறிப்போனதை நின்றுகொண்டே சாப்பிடுவதுதான் என் வழக்கம். ரசம் இவ்வளவு சூடாக இருக்கும்போது அதன் ருசியே வேறு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

"உப்பு ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டேன்.

"எப்பவும் இப்படித்தான் இருக்கும்," என்றார் அவர், வாயைத் திறந்து அடுத்த உருண்டைக்குக் காத்திருந்தபடியே.